தன்னையே இறக்கிக்கொண்ட நிர்வாகி

ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாணிக்கவல்லி என்ற பூனைதான் நிர்வாகி. மற்றவர்களுக்கெல்லாம் சாதாரணக் கணக்கு. திறந்து பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது.

செவ்வந்தி என்ற அணில் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்க வந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே நாள். புது பிரிண்டரைச் சேர்க்கப் போனால், 'நிர்வாகியின் கடவுச்சொல் தேவை' என்றது திரை.

அவள் ஓடிப்போய்ப் பூனையை எழுப்பினாள். "அக்கா, கடவுச்சொல்லைக் கொஞ்சம் போட்டுக் குடுங்களேன்."

"நான் இப்ப நிர்வாகி இல்லையே," என்றாள் பூனை. "நேத்து கீபோர்டு மேல படுத்துத் தூங்கிட்டேன். வீட்டுப் படமெல்லாம் அழிஞ்சு போச்சு. அப்படிப்பட்டவளை நிர்வாகியா வைக்கலாமா? உடனே என்னைச் சாதாரணக் கணக்குக்கு இறக்கிட்டேன்."

"சரி, திரும்ப ஏறிக்கோங்க."

"அதுக்கு நிர்வாகி அனுமதிக்கணுமே."

"நிர்வாகிதான் இல்லையே அக்கா!"

"அதனாலதான் காலையிலிருந்து ஒரு தப்பும் நடக்கல," என்று பெருமையாக மீசையை நீவிக்கொண்டாள் பூனை.

செவ்வந்தி பத்திரிகை யோசனையையே கைவிட்டாள். மரம் மரமாக ஏறி, எல்லோரையும் வாயாலேயே அழைத்தாள்.

கல்யாணத்துக்கு ஊரே திரண்டு வந்தது. மாணிக்கவல்லி மட்டும் வரவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வெளியே போக நிர்வாகியின் அனுமதி கேட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.