கையில் இடமில்லை

எஸ்தர் டீச்சருக்கு எதுவும் நினைவில் நிற்காது. இடது உள்ளங்கை முழுக்கப் பேனாவால் எழுதிக்கொள்வாள்: விடைத்தாள், பால், நான்கு மணிக்கு மகள் ஜெமிமாவை அழைக்க. அன்று காலை மகளுக்கு ஷூ மாட்டும்போது, அவள் எழுத நினைத்து மாதக்கணக்கில் வராத கதையின் முதல் வரி வந்துவிட்டது. தன் கையில் இடமில்லை. மகளின் கையில் எழுதி அனுப்பினாள்.

வகுப்பில் டஸ்டரை எங்கோ வைத்துவிட்டு, கரும்பலகையை இடது கையாலேயே துடைத்தாள். நான்கு மணி சாக்பீஸ் தூளில் மறைந்தது.

ஆறு மணிக்குத்தான் மகள் நினைவு வந்து, மழையில் ஓடினாள். மகளின் பள்ளி வாசலில் ஜெமிமா தெப்பலாக நனைந்து நின்றாள். ஒரு கை மட்டும் சட்டைக்குள் இருந்தது. அதை மெதுவாக வெளியே எடுத்து நீட்டினாள்.

“இது நனையலம்மா. பாத்து எழுதிக்கோ, நான் ஆடாம நிக்கிறேன்.”

எஸ்தர் அந்த வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அது எந்தக் கதை என்று நினைவுக்கு வரவில்லை.

ஜெமிமா ஆடாமல் நின்றுகொண்டிருந்தாள்.