ஓடிக்கொண்டே இருக்கும் இன்ஜின்

மழை விட்ட காலை வெயிலில் ராஸ்காமன் மேட்டுப் பண்ணை மினுங்குகிறது. கறிமாட்டு விலை விழுந்துகொண்டே போவதால், மிச்சமிருந்த மாடுகளையும் சந்தைக்கு ஏற்றிவிட்டு பண்ணைக்காரர் மாலக்கி வண்டிக் கதவைத் தாழிடுகிறார். மாட்டை விற்காமல் வளர்ப்பவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை தரப்போவதாக அடுப்படி ரேடியோ சொல்ல, மனைவி நோரீன் கையில் ரொட்டி மாவோடு ஓடி வருகிறார். "கேட்டியா மாலக்கி? இறக்கு!" "அது தீவனத்துக்கே காணாது, நோரீன்." "காணாட்டிப் போகட்டும். நான் கல்யாணமாகி வந்தப்போ இந்தக் கொட்டில் நிறைய மாடு. அதுங்க கத்துற கத்துல நீ பேசுறதே காதுல விழாது." "இப்போதான் நல்லா விழுதே?" "விழுது. அதான் பயமா இருக்கு." மாலக்கி தாழ்ப்பாளை நீக்குகிறார். சிவப்புப் பசு முதலில் இறங்கி ஈரப்புல்லில் வாய் வைக்கிறது. வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை அணைக்க இருவருக்குமே தோன்றவில்லை.