இரண்டாவது கண்டென்சர்

"மூணு பேர் வந்து பிரிச்சுப் பார்த்துட்டாங்க. போன வாரம் ரேடியோவையே மாத்தியாச்சு. புதுசும் அதே மாதிரி கத்துது! நீயாவது என்னன்னு சொல்லும்மா."

மாடி அறையில் இருந்த அதிகாரி, மேஜை மேலிருந்த ரேடியோவைக் கைதியைக் காட்டுவதுபோல் காட்டினார். ஊரைப் பிடித்துவிட்ட எதிரிப் படையின் உணவுக் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது.

ரேடியோக்காரி கருவிப் பையை இறக்கி வைத்தாள். "எப்பவும் கத்துதா சார், எப்பவாவதா?"

"தினமும் மூணே முக்காலுக்கு. கால் மணி நேரம். சரியா நான் பாட்டு கேக்கற நேரம்! முன்னாடி வந்தவங்க எல்லாம் காலையில வந்து பார்த்துட்டு நல்லாத்தானே இருக்குன்னு போயிட்டாங்க. இன்னைக்கும் தெரியலைன்னா சத்தம் எங்கேருந்து வருதுன்னு தேட நாளைக்கு எங்க படையோட சிக்னல்காரங்க வண்டி வருது. சுவரைப் பேத்தாவது கண்டுபிடிச்சுடுவாங்க."

தேநீரோடு வந்த வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றாள். "இவளுக்கு என்ன தெரியும்? வேற யாரையாவது கூப்பிடுங்க."

"கூப்பிடலாம் அத்தை. ஆனா இதை இன்னும் பார்க்காத மெக்கானிக் ஊர்ல நான் ஒருத்திதான் மிச்சம்."

"அட, மாமியாரும் மருமகளுமா!" அதிகாரி சிரித்தார். "ரேடியோவே தேவலை போலிருக்கே."

மாமியார் விருட்டென்று கீழே இறங்கிப் போனாள்.

ஒன்றரை வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. தந்தி ஆபீஸில் வேலை பார்த்த ரேடியோக்காரியின் கணவன், அவள் கடைக்கு வந்து மேஜையில் விரலால் தந்தி பாஷையில் தட்டித் தட்டியே அவளைப் பெண் கேட்டவன். சண்டையில் பாலம் தகர்ந்த அன்று அவனும் செத்துப்போனான் என்ற செய்தியைக் கொண்டுவந்தவள் மாமியார்தான். அழுத கண் காய்வதற்குள், மாடியை எதிரி அதிகாரிக்கு விட்டவளும் அவளேதான். அன்றைக்கே ஒரு பெட்டியோடு கிளம்பிப் போன மருமகள், இந்த வாசலை மிதிப்பது இப்போதுதான்.

மூன்றே முக்கால். அதிகாரி ரேடியோவைத் திருகினார். கீழே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. கூடவே ரேடியோவும் 'கர்ர்ர்' என்று கத்த ஆரம்பித்தது.

ரேடியோக்காரி ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிடம் கழிந்தது. கையிலிருந்த ஸ்குரு டிரைவர் நழுவி நாற்காலிக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

"என்னம்மா, ஷாக் அடிச்சுதா?"

"ஆமா சார். நல்லாவே அடிச்சுது." முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "ரேடியோ மேல ஒரு தப்பும் இல்ல. கீழ வாங்க, ஆளைக் காட்டறேன்."

படியிறங்கும் சத்தம் கேட்டதும் மாமியார் காலால் தரையை இரண்டு முறை ஓங்கி உதைத்தாள். மெஷின் நின்றது. சுற்றிலும் தைக்க வேண்டிய சிப்பாய்ச் சட்டைகள் குவிந்து கிடந்தன.

"இதோ, அத்தையோட மெஷின்தான் சார்."

"என் மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல!" மாமியார் மெஷினைக் கையால் மறைத்தாள். "ஒன்றரை வருஷமா காத்திருந்து பழி வாங்க வந்திருக்கியா?"

ரேடியோக்காரி மோட்டாரின் மூடியைக் கழற்றினாள். "இங்க பாருங்க சார். இந்தக் கார்பன் துண்டு தொட்டுத் தொட்டு விலகுது. விலகற ஒவ்வொரு தடவையும் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிக் குதிக்குது. பொறி பறக்குது. அந்தப் பொறிதான் உங்க ரேடியோவுல கத்துது."

"அதை எப்படி நிறுத்தறது?"

"ஓடி வர்றவன் மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தினா, மோதிக்கிட்டுக் கத்துவான். பக்கத்துல ஒரு சின்ன அறையைத் திறந்து வச்சா, சத்தம் போடாம அதுக்குள்ள போய் இருந்துப்பான் இல்லையா? " பையிலிருந்து ஒரு சிறிய உருளையை எடுத்துக் காட்டினாள். "இந்தக் கண்டென்சர் மின்சாரத்துக்கு அந்த மாதிரி ஒரு சின்ன அறை."

மாமியார் தைத்துக்கொண்டிருந்த சட்டையை இறுகப் பிடித்தாள்.

ரேடியோக்காரி ஈயத்தை உருக்கிக் கண்டென்சரைப் பற்றவைத்தாள். அதிகாரி இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார். "மெஷினை ஓட்டுங்கம்மா!"

மாமியார் ஓட்டினாள். மேலேயிருந்து பாட்டு மட்டும் வந்தது, பிசிறில்லாமல்.

"பிரமாதம்! சிக்னல் வண்டி வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்!" அதிகாரி டெலிபோனைச் சுழற்றுவது கேட்டது.

ரேடியோக்காரி பையை மூடப் போனவள், அதிலிருந்து இன்னொரு கண்டென்சரை எடுத்து மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மெஷின்தான் சரியாயிடுச்சே. இது எதுக்கு?"

மருமகள் அவள் காதருகே குனிந்தாள். கண்ணில் நீர் முட்டியது; உதட்டில் சிரிப்பு நிற்கவில்லை. "எதிரி அதிகாரியே குடியிருக்கிற வீட்டை எவன் சோதனை போடப் போறான்னு கணக்குப் போட்டிருக்கீங்க. அது புரியாம உங்களை இத்தனை நாளாத் திட்டிட்டேன் அத்தை."

மாமியார் மாடிப்படியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "உனக்கு யாரு சொன்னா?"

"அவரேதான். மெஷின் சத்தத்துக்குள்ள ரகசியமா தந்தி தட்டற சத்தமும் இருந்தது. கடைசித் தட்டை மட்டும் விட மனசில்லாம இழுக்கற கை உலகத்துல ஒண்ணுதானே! தட்டற கருவியோட ரெண்டு முனைக்கும் குறுக்க இதைக் கட்டிக்கச் சொல்லுங்க, தரைக்குக் கீழ ஒளிஞ்சிருக்கிற உங்க பிள்ளைய. நாளையிலேருந்து அவர் எவ்வளவு தட்டினாலும் மாடியில ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது."