ஃபாரின் லோகோ

தணிகாசலம் வாங்கிய புது எஸ்யூவி பேருக்குத்தான் வெளிநாட்டு வண்டி, செய்தது ஒரகடத்தில். எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்கு ஓட்டி வந்த நாளிலிருந்து, முன்னால் பதித்திருந்த கம்பெனி லோகோவை மட்டும் அவர் தினமும் துடைப்பார். "ஃபாரின் வண்டின்னா சும்மாவா?" என்பார்.

ஒருநாள் பங்க்கில் போன் பேசிக்கொண்டே, டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போடச் சொல்லிவிட்டார். வண்டி நடுரோட்டில் நின்றது. இறங்கி டயரை எட்டி உதைத்தார்.

"நம்மூர்ல செஞ்சா இந்த லட்சணம்தான்!"

ஹாரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓடினா ஃபாரின், நின்னா நம்மூரா? தப்பா ஊத்தச் சொன்னது யாருய்யா?" என்று கத்தியது. பிறகு லோகோ பக்கம் திரும்பியது. "உன்னை மட்டும் ஏண்டா திட்டல? நீ என்ன கப்பல்ல வந்தவனா?"

"மெதுவாப் பேசுடா," என்றது லோகோ. "நானும் ஒரகடத்துல உன் பக்கத்து ஷெட்டுல பொறந்தவன்தான். அது தெரிஞ்சா நாளைக்கு என்னை யாரு துடைப்பா?"

"தூ, மானங்கெட்டவனே!"

அதற்குள் வண்டியைக் கட்டி இழுக்க ஆள் வந்துவிட்டான். தணிகாசலம் பதறி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்.

"லோகோவுல உரசாம கட்டுப்பா. அது ஒண்ணுதான் ஃபாரின்."