செண்பகவல்லியின் அருந்ததி

அம்மி மிதித்ததும் மணமக்களுக்கு அருந்ததி காட்டுவது வழக்கம். பட்டப்பகலில் எந்த நட்சத்திரம் தெரியும்? எல்லோரும் சும்மா தலையாட்டிவிட்டு வருவார்கள். அந்தக் குறையைத் தீர்ப்பதுதான் செண்பகவல்லியின் வேலை. பூமியைச் சுற்றும் உலோக உருண்டை ஒன்றை, சொன்ன நிமிடத்தில் மண்டபத்துக்கு மேலே எரிந்து ஒளிரும்படி இறக்கிவிடுவாள். இருநூறு கல்யாணத்தில் ஒன்றுகூடத் தப்பியதில்லை.

இன்று அவளுக்கே கல்யாணம். தன் அருந்ததிக்கு ஒன்பது நாற்பது என்று நேரம் குறித்திருந்தாள். ஆனால் பந்தக்கால் நட்ட அன்றே, "கல்யாணப் பொண்ணுக்கு என்னடி கணக்கு?" என்று அம்மா, உருண்டைக்குக் கட்டளை அனுப்பும் மடிக்கணினியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். நேற்றுச் சூரியப் புயல் வந்து பூமியின் காந்தத்தை உலுக்கியது. மேல்வானத்துக் காற்று சூடேறி உப்பியது. உப்பிய காற்று உருண்டையைச் சீக்கிரமே கீழே இழுத்துவிடும் என்று தெரிந்தும், மருதாணிக் கையோடு அவள் என்ன செய்வாள்?

ஒன்பது நாற்பதுக்குக் கல்யாணக் கூட்டமே மண்டப வாசலில் அண்ணாந்து நின்றது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

"அது அப்பவே வந்துட்டுப் போயிட்டும்மா!" என்று சமையல்காரர் கொல்லைப்புறத்திலிருந்து ஓடிவந்தார். "சாம்பார் அண்டாவ இறக்கும்போது பாத்தேன். என்னா வெளிச்சம்!"

செண்பகவல்லியின் முகம் சுண்டிப்போனது. மாப்பிள்ளை நாறும்பூநாதன் அவள் கையை விடாமல், வெறும் வானத்தைக் காட்டினான்.

"எனக்குத் தெரியுது. ஒனக்கு?"

அவன் விரல் காட்டிய இடத்தையே பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாத் தெரியுது."

"எங்க கல்யாணத்துலயும் அதே எடத்துலதான் இருந்துச்சு," என்றாள் அம்மா.