கடைசி சைக்கிள்

"நாலு வருஷமா கிளப்போட கிவு ஏரிக்கு சைக்கிள்ல போற. ஒவ்வொரு தடவையும் நீதான் கடைசி. பக்கத்து வீட்டு கபேரா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்" என்றான் கசானா.

அவன் மனைவி முக்கேஷிமானா மழைக்கோட்டு, ட்யூபுகள், கட்டுத்துணி, அவித்த சர்க்கரைவள்ளி எல்லாவற்றையும் பையில் திணித்தாள்.

"இவ்வளவு சுமந்தா எப்படி வேகமாப் போவ?"

"மூணு நாள் மலைப்பாதை. மழை எப்ப அடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"இந்தத் தடவை நானும் வர்றேன்ல. உன்னை முதல் ஆளாக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் பாரு!"

காலையில் தூறலில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. வழியனுப்ப வந்த கபேரா பார்க்கட்டும் என்றே, மனைவியின் சைக்கிளை கசானா முன்னால் இழுத்தான்.

"அண்ணே, அவங்களை எங்க இழுக்கிறீங்க?" என்று பதறினாள் ஒரு பெண். "கேப்டன் கடைசியாத்தான் வரணும். போன வருஷம் மழையில நான் வழுக்கி விழுந்தப்போ, தூக்கிக் கட்டுப்போட்டு ஏரி வரைக்கும் கூடவே வந்தது அவங்கதான்!"

கசானா திரும்பினான். "நீ கேப்டனா? சொல்லவே இல்லையே!"

"நீங்க எங்க கேட்டீங்க?"

சைக்கிளைத் தானே வரிசையின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு போன கசானா, தெருவே கேட்கக் கத்தினான்:

"டேய் கபேரா! இந்த வருஷமும் என் பொண்டாட்டிதான்டா கடைசி!"