வாத்துப் புத்தகம்

புத்தகக் கடை ஆமை, "குஞ்சுக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டது.

"மூணுதான். ஆனா பத்து வயசுப் பிள்ளைங்க படிக்கிற மாதிரி குடுங்க. இவன் ரொம்ப ஷார்ப்பு," என்றது கோழி.

குஞ்சின் கண் மேல்தட்டில் இருந்த வாத்துப் படப் புத்தகத்தின் மேலேயே இருந்தது.

"அதெல்லாம் சின்னப் பசங்களுக்குடா," என்று அதட்டிய கோழி, செங்கல் கனத்தில் ஒரு அறிவியல் களஞ்சியத்தை வாங்கிக் குஞ்சின் முன்னால் வைத்தது. பிறகு பக்கத்தில் நின்ற வான்கோழியிடம் பிள்ளையின் பெருமையைப் பேசத் திரும்பிக்கொண்டது.

குஞ்சு களஞ்சியத்தின் மேல் ஏறி நின்று, வாத்துப் புத்தகத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அலகுக்கு இன்னும் கொஞ்சம் உயரம் தேவைப்பட்டது.

"தாத்தா, இதைவிடத் தடியா ஒரு புத்தகம் இருக்கா?" என்று ஆமையிடம் கேட்டது.

"கேட்டீங்களா!" என்று வான்கோழியைப் பார்த்துச் சிறகை விரித்தது கோழி.